வாயைத் திறக்காமல் மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்வது எப்படி?

மாட்டிறைச்சி விற்று அந்நியச் செலாவணி சேர்க்க ஆசைப்படும் அரசுகளுக்காக எழுதப்பட்டது இந்தக் கையேடு. புல்வெளி, பண்ணை, குளிர்சாதனக் கப்பல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மூலதனம் கூச்சம். பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் மாட்டிறைச்சியைக் கொடி கட்டி விற்கின்றன. அதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே ஊர் இரண்டுபடும் ஒரு நாடு, அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் மாட்டிறைச்சி ஏற்றுமதியாளர் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் ஆண்டுதோறும் போய் உட்கார்கிறதே, வித்தை என்றால் அதுதான்.

2014–15இல் இந்தியாவிலிருந்து வெளியே போன எருமை இறைச்சி 14.76 லட்சம் டன். வந்த பணம் 478 கோடி டாலர். அந்த ஆண்டு பாசுமதி அரிசியே அதற்குப் பின்னால்தான் நின்றது. பாசுமதிக்குப் பாட்டு உண்டு, விளம்பரம் உண்டு, நடிகர்கள் உண்டு. எருமைக்கு ஒரு சுவரொட்டிகூடக் கிடையாது. ஆனாலும் ஜெயித்தது. விளம்பரம் இல்லாமல் ஜெயித்ததா, விளம்பரம் இல்லாததால் ஜெயித்ததா என்பதை இந்தக் கையேட்டைப் படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பயிற்சி முகாம்

பயிற்சிக்கு உகந்த இடம் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் பதினாறு கிலோமீட்டர் தொலைவு. சமணத் துறவிகள் கொல்லாமையைக் கடைப்பிடித்துக் கல்லில் படுத்த மலையில் மாட்டிறைச்சி வகுப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். முகம் சுளித்துக்கொண்டே செய்வதற்குத்தான் இந்தப் பயிற்சி.

அந்த மலையிலுள்ள அறிவர் கோயிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் ஒரு தாமரைக் குளம். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியம் நிறைய உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதில் தாமரைப் பூவும் மொட்டும் இலையும் நெருங்கிக் கிடக்கின்றன. நடுவே மீன்கள், பறவைகள், யானைகள், பூப்பறிக்கும் மூன்று ஆட்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எருமைகளும் உண்டு.

இப்போது பரீட்சை. விதானத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டால், "தாமரை மட்டும்தான் தெரிகிறது" என்று கண் சிமிட்டாமல் சொல்பவர் முதல் வகுப்பில் தேறினார். யானையும் தெரிகிறது என்பவருக்கு வேறு துறையில் வேலை பார்த்துக் கொடுக்கலாம். "எருமை!" என்று சத்தம் போட்டவர் வீட்டுக்குப் போகலாம்.

கால் வலிக்கவில்லை என்றால் மலையின் பின்பக்கம் ஏழடிப்பட்டம் என்ற இடத்துக்கும் ஏறி வாருங்கள். அங்கே கற்படுக்கைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றின் பக்கத்தில் தமிழ்–பிராமி எழுத்தில், கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முந்தைய காலத்துக் கல்வெட்டு. எருமைநாட்டில் பிறந்த ஒரு துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அது. இன்றைய மைசூர்ப் பகுதியைத்தான் எருமைநாடு என்றார்கள் என்பது அறிஞர்கள் கருத்து. இந்தக் கையேட்டின் வாடிக்கையாளரான நாட்டுக்கு நான் வேறு பெயர் தேடி அலையவில்லை.

விலங்கைத் தேர்ந்தெடுத்தல்

பசு வேண்டாம். எருதும் வேண்டாம், கன்றும் வேண்டாம். எருமைநாட்டின் ஏற்றுமதிக் கொள்கை இந்த மூன்றின் இறைச்சியையும் தடை செய்கிறது. எலும்பு நீக்கிய எருமை இறைச்சிக்குப் பச்சைக்கொடி காட்டுகிறது. அரசியல் சட்டத்தின் 48ஆவது பிரிவு பசுவையும் கன்றையும் மட்டுமா சொல்கிறது, பால் தருகிற, உழுகிற மற்ற கால்நடைகளையும் கொல்லலாகாது என்கிறதே என்று யாராவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். நாட்டின் பாலில் கிட்டத்தட்டப் பாதி எருமை கறந்தது, சேற்று வயலில் கடா உழுதது என்றும் வாதாடுவார். அவருக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுங்கள். காபியில் இருப்பது எருமைப்பால்தான். அதற்குமேல் பதில் சொல்லத் தேவையில்லை.

எருமைக்கு இருக்கும் வசதிகள் வேறு எந்த விலங்குக்கும் இல்லை. கறுப்பு. எமனின் வாகனம். மகிஷாசுரனின் தலை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டுவதற்கு எடுக்கும் முதல் பெயர். பொங்கலுக்கு மறுநாள் கொம்பில் வண்ணம் பூசினாலும் படம் எடுத்துப் பத்திரிகையில் போட யாரும் வருவதில்லை. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொழுப்பு அதிகமானவர்களைப் புனிதர் பட்டியலில் சேர்ப்பது வழக்கமில்லை.

பசுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் நாடுகளுக்கு ஒரு மாற்றுவழி உண்டு. உயிரோடு அனுப்பிவிடுங்கள், மிச்சத்தை வாங்கியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நெல்லூர், ஓங்கோல் பக்கத்து வெள்ளை மாடுகளும் குஜராத்தின் கிர் மாடுகளும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் கப்பலேறி பிரேசிலுக்குப் போயின. இன்று பிரேசிலின் இறைச்சி மாட்டு மந்தையில் பெரும்பகுதி அந்த வழி வந்தது. அங்கே அதன் பெயரே நெலோரே. வியாட்டினா–19 என்ற ஒரு நெலோரே பசுவின் மதிப்பு 2023 ஏலத்தில் 40 லட்சம் டாலரைத் தாண்டியது. உலகின் மாட்டிறைச்சி ஏற்றுமதியில் முதலிடம் பிரேசிலுக்கு. இரண்டு, மூன்று, நான்கு என்ற இடங்களுக்குள் மாறி மாறி நிற்பது நாம். அவர்கள் விற்பது நம் மாடு, நாம் விற்பது நம் எருமை. இந்தக் கணக்கைக் கோசாலைத் திறப்பு விழாக்களில் சொல்லிப் பார்க்காதீர்கள்.

மூலப்பொருள்: இறைச்சிக்காக ஒன்றும் வளர்க்காதீர்கள்

இதுதான் எருமைநாட்டுத் தொழிலின் மர்மம். வெளிநாட்டுக்காரன் இறைச்சிக்கென்று மாட்டை வளர்ப்பான், தீவனம் போட்டுக் கொழுக்க வைப்பான், அதற்குக் கடன் வாங்குவான். நீங்கள் அப்படி எதுவும் செய்ய வேண்டாம். பால் பண்ணையை மட்டும் வளர்த்தால் போதும். 1970இல் வெண்மைப் புரட்சியைத் தொடங்கிய நாடு, உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடானது. கறக்கிற ஒவ்வொரு எருமையும் ஒருநாள் வற்றும். ஈனுகிற கன்றுகளில் பாதி கடாவாகப் பிறக்கும். வற்றியதையும் கடாவையும் கட்டி வைத்துத் தீனி போட எந்தக் குடியானவனிடமும் பணம் இல்லை. அதுவே உங்கள் ஏற்றுமதிச் சரக்கு. வளர்த்த செலவு முழுவதும் பால் கணக்கில் எழுதப்பட்டுவிட்டதால் இறைச்சியின் அடக்க விலை உலகத்தில் யாருக்கும் கட்டுபடியாகாத அளவுக்குக் குறையும். 478 கோடி டாலரை 14.76 லட்சம் டன்னால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு மூன்று டாலர் சொச்சம். இந்த விலைக்கு ஆஸ்திரேலியாக்காரன் எப்படிப் போட்டி போடுவான்?

ஒரு எச்சரிக்கை. சித்தன்னவாசல் பக்கம் பயிற்சிக்கு வந்துவிட்டு, சரக்கையும் இங்கேயே பிடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 2019 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எருமைகள் 11 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாட்டில் ஐந்து லட்சம் சொச்சம்தான். 2012இல் எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று.

எருமைக்குத் தண்ணீர் வேண்டும். குடிக்க மட்டுமா, மதிய வெயிலுக்கு மூக்கு மட்டும் வெளியே தெரிய முங்கிக் கிடக்கவும் வேண்டும். அதன் தோலில் வியர்வைச் சுரப்பி குறைவு. கறுப்புத் தோல் வெயிலை வேறு இழுத்துக்கொள்ளும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்களுக்குப் பஞ்சமில்லை, ஆயிரக்கணக்கில் உண்டு. கண்மாய் நிறைந்திருந்தால்தானே! வரத்து வாரிகள் மேவிக் கிடக்கின்றன. காகித ஆலைக்காக ஏக்கர் ஏக்கராகத் தைலமரம் நட்டு, மழைநீர் ஓடிவராதபடி அதற்குள்ளேயே வரப்பெடுத்துத் தேக்கிக்கொண்டார்கள் என்று இந்த ஊர் விவசாயிகள் மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டார்கள். குளம் வற்றினால் எருமையைக் கட்டுத்தறியில் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற யாருக்குக் கை இருக்கிறது? ஜெர்சி கலப்புப் பசுவுக்கு மாறிவிட்டார்கள். அதற்கும் வெயில் ஆகாது என்பது வேறு கதை. ஆக, இந்தப் பக்கத்தில் எருமை நிம்மதியாக நீரில் நிற்பதைக் காண வேண்டுமானால் அறிவர் கோயில் விதானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எருமைக்கு ஆள் இல்லை என்றாலும் காளைக்கு இந்த மாவட்டத்தில் ஆள் உண்டு. வருஷம் பிறந்ததும் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில்தான். விராலிமலையில் ஆயிரத்துக்கு மேல் காளைகளை ஒரே நாளில் அவிழ்த்திருக்கிறார்கள். ஜல்லிக்கட்டு நின்றுபோனால் நாட்டுக்காளையெல்லாம் அடிமாடாகக் கேரளாவுக்கு லாரி ஏறிவிடும் என்பது 2017 போராட்டத்தில் மெரினா வரை ஒலித்த வாதம். நியாயமான வாதம்தான். எருமைக் கடாவுக்கு வாடிவாசல் இல்லை என்பது அப்போது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. இது ஏற்றுமதியாளருக்கு நல்ல செய்தி.

சந்தையும் சட்டமும்

சரக்கு கை மாறும் இடம் சந்தை. இங்கிருந்து கிட்டத்தில் மணப்பாறை. கொங்குப் பக்கம் பொள்ளாச்சி, அந்தியூர். மாட்டுத் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். அடியில் இரண்டு கைகளும் விரல் பிடித்துப் பேசும். இத்தனை விரல் என்றால் இத்தனை ஆயிரம், மடக்கினால் குறைப்பு. சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். எருமைநாட்டு வர்த்தகக் கொள்கையை இதைவிடத் தெளிவாக எந்த வெள்ளையறிக்கையும் விளக்கியதில்லை.

ஒரே ஒரு தடவை இந்தத் துண்டை விலக்கிப் பார்க்க மத்திய அரசு முயன்றது. 2017 மே மாதம் கால்நடைச் சந்தை விதிகள் வந்தன. சந்தையில் விற்கும் மாடு அறுப்புக்குப் போகாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாடு என்றால் பசு, காளையோடு எருமையும் சேர்த்தி. ஒட்டகமும்கூட. விற்பனைச் சான்று ஐந்து நகல் எடுத்து, வாங்கியவருக்கு ஒன்று, விற்றவருக்கு ஒன்று, தாலுகா ஆபீசுக்கு ஒன்று, கால்நடை மருத்துவ அதிகாரிக்கு ஒன்று, சந்தைக் கமிட்டிக்கு ஒன்று. கொல்லக்கூடாது என்ற விதியை விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழே கொண்டுவந்ததுதான் அதன் அழகு. சித்தன்னவாசல் துறவிகள்கூட நகல் கேட்டதில்லை.

அந்த விதியை அப்படியே அமல்படுத்தியிருந்தால் ஒரே வருஷத்தில் ஏற்றுமதி ஆலைகள் பூட்டியிருக்கும். பால் பண்ணைகளும் பின்னாலேயே போயிருக்கும், ஏனென்றால் வற்றிய எருமையை விற்ற காசில்தான் அடுத்த கறவை வாங்குகிறார்கள். மே 30ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. கொள்கைக்காகக் கடுமையாக விதி போடுங்கள், அது நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பேர் வாங்கலாம்.

கோமாரி, அமிலம், சான்றிதழ்

இந்தப் பகுதி கொஞ்சம் சீரியஸ், குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். எருமைநாட்டில் கோமாரி நோய் இன்னும் ஒழியவில்லை. கோமாரி இருக்கும் நாட்டின் இறைச்சியை வசதியான நாடுகள் தொடாது. ஆனால் அந்த வைரஸுக்கு அமிலம் ஆகாது. அறுத்த உடலை இரண்டு முதல் நான்கு டிகிரிக் குளிரில் ஒருநாள் தொங்கவிட்டால் தசைக்குள் லாக்டிக் அமிலம் ஊறி, அமில அளவான பி.எச். ஆறுக்குக் கீழே இறங்கும். வைரஸ் செத்துவிடும். எலும்புக்குள்ளும் நிணநீர்க் கணுக்களிலும் அந்த அமிலம் போய்ச் சேராது. அதனால் இரண்டையும் நீக்கிவிட வேண்டும். எலும்பு இல்லாத இறைச்சிக்கு மட்டும் அனுமதி என்று விதி சொல்வதன் பின்னால் இருப்பது இந்த வேதியியல். பிறகு உறைய வைத்து அட்டைப்பெட்டியில் அடைத்து நவ சேவா துறைமுகத்துக்கு அனுப்பலாம். உண்மையிலேயே நேர்த்தியான தொழில்நுட்பம். இதைச் செய்யும் ஆலைகள் பல நாட்டுக் கால்நடை மருத்துவர்களின் சோதனையைத் தாண்டி வந்தவை. இப்படி ஒரு திறமை வேறு எந்தத் துறையில் இருந்திருந்தாலும் அதற்கு அஞ்சல்தலை வெளியிட்டிருப்பார்கள்.

கோமாரியை ஒழிக்கவும் திட்டம் உண்டு. 2019 செப்டம்பரில் பிரதமர் தொடங்கி வைத்தார், 13,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கீடு. தொடங்கிய ஊர் மதுரா. கண்ணன் மாடு மேய்த்த சீமையில் மாட்டுக்குத் தடுப்பூசி என்றால் பொருத்தம்தானே. கோமாரி ஒழிந்தால் விவசாயிக்குப் பால் நஷ்டம் தீரும், எருமை இறைச்சிக்கும் உயர்விலைச் சந்தைகள் திறக்கும். இதன் இரண்டாவது பாதியை மதுராவில் உரக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கடல் தாண்டினால் தீட்டு கழியும்

கடல் தாண்டினால் தீட்டு என்று முன்னோர் சொல்லிவைத்தார்கள். இந்தச் சரக்குக்குக் கடல் தாண்டினால்தான் தீட்டு கழிகிறது.

2021 ஜனவரியில் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா தன் இறைச்சிக் கையேட்டிலிருந்து ஹலால் என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. வாங்கும் நாடு எப்படிக் கேட்கிறதோ அப்படி அறுக்கப்படும் என்று எழுதிக்கொண்டது. வாங்கும் நாடுகள் மலேசியா, இந்தோனேசியா, எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம். எப்படிக் கேட்பார்கள் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டாம். 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஒரு படி மேலே போய், ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருளைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மாநிலத்தில் தடை போட்டது. ஏற்றுமதிக்காகத் தயாரிப்பவற்றுக்கு விலக்கு. நாட்டின் எருமை இறைச்சி ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது அந்த மாநிலத்திலிருந்துதான். இந்த ஆணையை எழுதிய அதிகாரியை நேரில் கண்டால் வணங்குவேன்.

அதே மாநிலத்தில், 2015 செப்டம்பரில், தாத்ரி அருகே ஒரு கிராமத்தில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கிளம்பிய வதந்தியில் ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த இறைச்சியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். ஆலைகளின் குளிர்பதனக் கிடங்குகளில் டன் கணக்கில் இருந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கையேடு எழுதுகிறவன் இங்கே ஒரு நகைச்சுவையைச் செருகியிருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

வாங்குபவர்களும் கூச்சக்காரர்களாக இருப்பது நல்லது. பல வருஷங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளராக இருந்தது வியட்நாம். அந்தச் சின்ன தேசத்து மக்கள் அத்தனையையும் எப்படித் தின்று தீர்க்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தின்னவில்லை, ஹைஃபோங் துறைமுகத்தில் இறங்கிய சரக்கில் பெரும்பகுதி எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போயிற்று. சீனா அதிகாரபூர்வமாக நம் எருமையை வாங்குவதில்லை, கோமாரிக் காரணம். விற்கிறவன் என்ன விற்கிறேன் என்று சொல்வதில்லை, வாங்குகிறவன் வாங்கினேன் என்று சொல்வதில்லை. மணப்பாறைத் துண்டு தென்சீனக் கடல் வரை விரிந்து கிடக்கிறது.

இந்தோனேசியாவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. உள்ளூரில் மாட்டிறைச்சி விலை ஏறி நோன்பு மாதத்தில் மக்கள் முணுமுணுக்கவே, 2016இல் அந்த அரசு தன் விதியைத் தளர்த்தி, புலோக் என்ற அரசு நிறுவனம் வழியாக இந்திய எருமை இறைச்சியை இறக்கியது. ஆஸ்திரேலிய மாட்டு வியாபாரிகளுக்கு வயிறு எரிந்தது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும், 1865 முதல் தொழில் நடத்தும் மும்பை அல்லானா நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே இறைச்சி கேட்பவர்கள் உண்டு. உலகச் சந்தையில் ஒரு நாட்டுச் சரக்கு பிராண்டு ஆவதற்கு மற்ற துறைகள் கருத்தரங்கு நடத்துகின்றன.

மேடையில் எப்படி நடந்துகொள்வது

எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஏற்றுமதியைக் கண்டியுங்கள். 2014 மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தில் நரேந்திர மோடி, காங்கிரஸ் அரசு வெண்மைப் புரட்சியை விட்டுவிட்டு இளஞ்சிவப்புப் புரட்சி நடத்துகிறது என்று சாடினார். கூட்டம் கைதட்டியது. அவர் ஆட்சிக்கு வந்த முதல் நிதியாண்டுதான் மேலே சொன்ன 14.76 லட்சம் டன். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் சட்டவிரோத அறுப்புக்கூடங்களைப் பூட்டினார்கள். தெருமுனைக் கடைக்காரருக்குப் பிழைப்பு போயிற்று, ஏற்றுமதி பிழைத்துக்கொண்டது. பிறகு வந்த எந்த ஆண்டிலும் எருமை இறைச்சி வேளாண் ஏற்றுமதியின் முன்வரிசையை விட்டு இறங்கவில்லை. 2023–24இலும் ஏறத்தாழ 13 லட்சம் டன். மேடைப் பேச்சு எருமை மேல் பெய்த மழைதான், அது தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தது.

ஆளும் கட்சி ஆனபின் இலக்கு அறிவியுங்கள். இலக்கு என்றால் இரட்டிப்பு. 2018 டிசம்பரில் வந்த வேளாண் ஏற்றுமதிக் கொள்கை, 3,000 கோடி டாலருக்குச் சற்று மேலே இருந்த ஏற்றுமதியை 2022க்குள் 6,000 கோடி டாலர் ஆக்குவோம், அதன்பின் சில ஆண்டுகளில் 10,000 கோடி என்றது. 2021–22இல் எட்டியது 5,000 கோடி. மோசமில்லை. மேடையில் இதை விளக்கும்போது பின்னால் தொங்கும் பதாகையில் சிறுதானியம், மாம்பழம், பாசுமதி படங்கள் இருக்கட்டும். புதுக்கோட்டையில் கூட்டம் என்றால் வடகாடு, கீரமங்கலம் பலாப்பழத்தையும் ஆதனக்கோட்டை முந்திரியையும் வையுங்கள். பலாச்சுளையைத் தட்டில் வைத்து அமைச்சர் வாயில் ஊட்டுங்கள். அந்தப் பலாவுக்கு உள்ளூரிலேயே ஒரு பதப்படுத்தும் ஆலை வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள் என்பதை ஊட்டும் நேரத்தில் ஞாபகப்படுத்தக் கூடாது. டாலர் கொண்டுவரும் விலங்கு புள்ளிவிவர அட்டவணையின் ஒரு வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். அட்டவணையைப் படிப்பவர் யார்?

நம் மாநிலத்துக்காரர்கள் இதெல்லாம் வடக்கத்திக் கதை என்று காலாட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா ஏற்பாடு செய்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாடு இல்லை. ஆம்பூரில் பீப் பிரியாணி இல்லாத பிரியாணி விழாவா என்று கேள்வி எழுந்தது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, விழாவே தள்ளிப்போயிற்று. அதே ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களின் தோல் ஏற்றுமதியைப் பற்றி எல்லா ஆட்சியும் பெருமையாகப் பேசும். தோல் வந்த உடலின் மற்றப் பாகம் எங்கே போயிற்று என்பது அரசு விழாவுக்கு ஆகாத கேள்வி. தின்கிறவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களும். அவர்களுக்கு விழா வேண்டாம், கடைமுன் ஒரு பெஞ்சு போதும் என்று நிர்வாகம் நினைக்கிறது. மலேசியாக்காரனுக்குச் சான்றிதழோடு மரியாதையாகப் போகும் பண்டம் இங்கே பேப்பரில் சுற்றி, பைக்குள் மறைத்து எடுத்துப் போகும் பண்டமாக இருக்கிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*கடாக் கன்றை என்ன செய்வது?*

பிறந்தவுடன் தாயிடம் விட்டு மடி சுரந்ததும் இழுத்துக் கட்டிவிடுங்கள். பால் வீட்டுக்கு. சில வாரங்களில் கன்று எலும்பும் தோலுமாகிச் செத்துவிடும். தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தினால் எருமை அதை நக்கிக்கொண்டே கறக்கும். இப்படிச் சாகும் கன்றுகளை வளர்த்தால் ஏற்றுமதிக்கு நல்ல எடையுள்ள இளம் இறைச்சி கிடைக்கும், விவசாயிக்கும் காசு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, எருமைக் கடாக் கன்றுகளைக் காப்பாற்றி வளர்க்கும் திட்டம் ஒன்றைப் பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசே கொண்டுவந்தது. காப்பாற்றுவது எதற்காக என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குப் பயந்தவர்கள் பட்டினிக்குப் பயப்படவில்லை.

*கொல்லாமை பேசும் நாடு இப்படிச் செய்யலாமா?*

கொல்வது தனியார் நிறுவனம். சான்று தருவது அதிகாரி. ஏற்றுவது கப்பல். இதில் நாடு எங்கே வந்தது?

*எங்க எருமை வத்திப்போயி எட்டு மாசமாச்சு. ரெண்டு தடவை ஊசி போட்டும் சினை நிக்கல. கண்மாயில தண்ணியும் இல்ல. கிலோ மூணு டாலருன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வெல எங்களுக்குக் கெடைக்குமா தம்பி? — அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி.*

கிடைக்காது, ஆத்தா. உங்கள் எருமை மீன்வளம், கால்நடைப் பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கீழ் வருகிறது. டாலர் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இரண்டு அமைச்சகங்களும் சந்திக்கும் இடத்தில் தரகர் நிற்கிறார். நல்ல நாள் பார்த்து மணப்பாறைக்கு ஓட்டிப் போங்கள். போகும்முன் நன்றாகக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, வயிறு நிறையத் தண்ணீர் காட்டுங்கள். எடை கொஞ்சம் தெரியும். துண்டுக்கு அடியில் அவர் உங்கள் விரலை எத்தனை தடவை மடக்கினாலும் நீங்கள் இரண்டு தடவையாவது நிமிர்த்துங்கள். சந்தை வரைக்கும் வண்டி வாடகை உங்கள் செலவு.